பழைய கையடக்கக் கணினியில் வைஃபை கார்டு: அக்கம்பக்கத்து நெட்வொர்க் தெரிகிறது, என் வீட்டுடையது தெரியவில்லை

சுண்டெலி | வெள்ளி, இரவு 9:48

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே புதியவன். கேள்வி தலைப்பிலேயே இருக்கிறது, இருந்தாலும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

மாமா ஒருவர் மேசை இழுப்பறையில் பல வருடங்களாகப் போட்டு வைத்திருந்த கையடக்கக் கணினியை என்னிடம் கொடுத்துவிட்டார். விண்டோஸ் மொபைல் 2003 ஓடுகிறது. 400 மெகாஹெர்ட்ஸ் எக்ஸ்ஸ்கேல் செயலி, 64 எம்பி நினைவகம், மேலே ஒரு காம்பாக்ட் ஃபிளாஷ் ஸ்லாட், ஒரு எஸ்டி ஸ்லாட். புது பேட்டரி போட்டதும் உயிர் வந்துவிட்டது. கூடவே ஒரு சிஎஃப் வைஃபை கார்டும் டிரைவர் சிடியும் இருந்தன. டிரைவரை ஏற்றி, கார்டைச் செருகினேன். பச்சை விளக்கு மினுக்கியது. நெட்வொர்க் பட்டியலும் வந்தது. அதில் அக்கம்பக்கத்து வீட்டு நெட்வொர்க்குகள் மூன்று இருக்கின்றன. எங்கள் வீட்டுடையது மட்டும் இல்லை. ரவுட்டர் இரண்டடி தூரத்தில்தான் இருக்கிறது! கைபேசியில் முழுப் பட்டை காட்டுகிறது. ரவுட்டர் போன வருடம் மாற்றியது.

கார்டு பழுதா?

கம்பியறுந்தவன் | வெள்ளி, இரவு 9:57

பழுதெல்லாம் இல்லை தம்பி. அந்தக் காலத்துக் கார்டுக்கு டபிள்யூஇபி என்ற பழைய பூட்டு முறை மட்டும்தான் தெரியும். உங்கள் ரவுட்டர் அதற்குப் பின்னால் வந்த டபிள்யூபிஏ2 அல்லது 3 கேட்கும். அதனால்தான் காட்டவில்லை. முடிந்தது கதை.

மின்மினி | வெள்ளி, இரவு 10:20

கதை முடியவில்லை. பாதுகாப்பு முறை ஒத்துவரவில்லை என்றால் பட்டியலில் பெயர் வரும், இணையத்தான் முடியாது. சுண்டெலி பார்க்கும் அக்கம்பக்கத்து நெட்வொர்க்குகளும் அநேகமாக டபிள்யூபிஏ2 ஆகத்தான் இருக்கும், அவை தெரிகின்றனவே. பெயரே வரவில்லை என்றால் கார்டின் காதில் அது விழவே இல்லை என்று பொருள்.

சுண்டெலி, மூன்று விஷயம் பாருங்கள். ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் இயங்குகிறதா, 5 மட்டும்தானா? உங்களுடையது மாதிரி பழைய 802.11பி தரக் கார்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. இரண்டு, எந்தச் சேனல்? சில நாடுகளுக்கென்று விற்ற கார்டுகள் 1 முதல் 11 வரைதான் தேடும், 12, 13 பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. மூன்று, பெயரை மறைத்து வைத்திருக்கிறீர்களா?

சுண்டெலி | வெள்ளி, இரவு 10:51

அக்கா, 2.4 இயங்குகிறது. பெயரை மறைக்கவில்லை. சேனல் 'தானியங்கி' என்று இருந்தது, உள்ளே போய்ப் பார்த்தால் 13! இதுதான் என்று குதித்துவிட்டு 6க்கு மாற்றினேன். கார்டைக் கழற்றி மறுபடி செருகினேன். ம்ஹூம். இன்னும் தெரியவில்லை.

நிலவறை | வெள்ளி, இரவு 11:15

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பாடு எதற்கு? யூஎஸ்பி வைஃபை குச்சி ஒன்றை வாங்கிச் செருகினால் வேலை முடியாதா?

தட்டான் | வெள்ளி, இரவு 11:32

முடியாது. இந்தக் கருவிகளில் யூஎஸ்பி இருந்தாலும் அது கணினியோடு ஒத்திசைக்க மட்டும்தான். அதாவது இது செருகப்படும் பொருள், வேறொன்றைச் செருகிக்கொள்ளும் பொருள் இல்லை. ஷார்ப் ஸாரஸ் சி3000 வரிசை மாதிரி ஒன்றிரண்டு விதிவிலக்குகள் உண்டு. அவற்றிலும் டிரைவர் கிடைக்க வேண்டுமே.

ஸ்லாட் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன். சிஎஃப் ஸ்லாட்டில் 50 ஊசி, பிசி கார்டு ஸ்லாட்டில் 68. ஆனால் மின் அமைப்பில் இரண்டும் அண்ணன் தம்பி. அதனால்தான் சிப் எதுவும் இல்லாத ஒரு வெறும் சட்டத்தில் சிஎஃப் கார்டைப் பொருத்தி மடிக்கணினியின் பிசி கார்டு ஸ்லாட்டில் போட முடிகிறது. தடிமன் மட்டும் பார்க்க வேண்டும்: முதல் வகை 3.3 மில்லிமீட்டர், இரண்டாம் வகை 5. தடித்த கார்டு மெல்லிய ஸ்லாட்டில் நுழையாது. பிசி கார்டு ஸ்லாட் உள்ள கருவி வைத்திருப்பவர்கள், தங்க நிறப் பட்டையில் சின்னச் சின்ன மேடுகள் உள்ள கார்டை வாங்காதீர்கள். அது கார்டுபஸ், 32 பிட். கையடக்கக் கருவிகளின் ஸ்லாட் 16 பிட். அழுத்தித் திணித்தால் ஊசிதான் வளையும்.

மின்மினி | சனி, காலை 7:05

சுண்டெலி, ராத்திரி யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன். ரவுட்டரின் வயர்லெஸ் பக்கத்தில் 'முறை' என்று ஒரு தெரிவு இருக்கும். அதில் 'ஜி/என்' என்றோ 'என்/ஏஎக்ஸ்' என்றோ இருக்கிறதா, 'பி' இல்லாமல்? அல்லது 'பழைய வேகங்களை நிறுத்து' என்று எங்காவது டிக் போட்டிருக்கிறதா?

காரணம் சொல்கிறேன். பி, ஜி, என், ஏஎக்ஸ் என்பவை வைஃபை தரத்தின் அடுத்தடுத்த தலைமுறைகள். ரவுட்டர் தன் பெயரைச் சொல்லி நொடிக்குச் சுமார் பத்து முறை கூவிக்கொண்டே இருக்கும். பீக்கன் என்பது அதுதான். பி முறையை அனுமதித்தால் அந்தக் கூவலை வழக்கமாக 1 எம்பிபிஎஸ் வேகத்தில், 1990களின் பழைய பண்பேற்றத்தில், அதாவது தகவலை அலையில் ஏற்றும் முறையில், அனுப்பும். பி முறையை அணைத்துவிட்டால் கூவல் 6 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓஎஃப்டிஎம் என்ற வேறொரு பண்பேற்றத்துக்கு மாறிவிடும். 802.11பி 1999இல் வந்த தரம். அதன் சிப்புக்கு ஓஎஃப்டிஎம் என்பது வெறும் இரைச்சல். இரண்டடியில் உட்கார்ந்து கத்தினாலும் புரியாத மொழி புரியாத மொழிதான். அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் பழையவையாகவோ தொழிற்சாலை அமைப்பிலோ இருக்கும், அதனால் அவை தெரிகின்றன.

சுண்டெலி | சனி, காலை 9:30

அக்கா!! 'ஜி/என்/ஏஎக்ஸ்' என்று இருந்தது. 'பி/ஜி/என்/ஏஎக்ஸ்' என்று மாற்றினேன். கார்டைச் செருகிய பத்தாவது நொடியில் எங்கள் வீட்டுப் பெயர் பட்டியலில் முதலில் வந்து நின்றது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன், யாரும் அசையவில்லை. பரவாயில்லை.

ஆனால் கம்பியறுந்தவன் சொன்னதும் உண்மைதான். தட்டினால் டபிள்யூஇபி சாவிதான் கேட்கிறது. டபிள்யூபிஏ என்ற சொல்லே அந்த மெனுவில் இல்லை. ரவுட்டரை டபிள்யூஇபிக்கு மாற்றிவிடலாமா?

கம்பியறுந்தவன் | சனி, காலை 9:41

மாற்றுங்கள். உங்கள் வீட்டு வைஃபையை உடைக்க எவன் வரப்போகிறான்?

ஓலைச்சுவடி | சனி, காலை 10:26

மாற்றாதீர்கள் தம்பி, தயவுசெய்து.

டபிள்யூஇபியின் ஓட்டை 2001இலேயே வெளியே வந்துவிட்டது. ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூவர் எழுதிய ஆய்வு. தகவல் போகும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் சாவியோடு சேர்க்கும் எண் 24 பிட்தான், அது சாவியைப் பற்றிய துப்பைக் கசியவிடுகிறது. 2007இல் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 104 பிட் சாவியை ஒரு நிமிடத்துக்குள் எடுக்க முடியும் என்று காட்டினார்கள். 'எவன் வருவான்' என்பதற்குப் பதில்: ஆளே வர வேண்டாம், அதற்கான மென்பொருளை இயக்கிவிட்டு ஒருவன் தேநீர் குடிக்கப் போனால் போதும். அதே நெட்வொர்க்கில்தானே உங்கள் வீட்டுக் கைபேசிகள், வங்கி வேலை, கேமரா எல்லாம் இருக்கின்றன.

பாதுகாப்பை விடுங்கள், வேகமும் போகும். டபிள்யூஇபியோ, அதற்கு அடுத்து வந்த டபிள்யூபிஏவின் டிகேஐபி மறையாக்கமோ போட்ட இணைப்பில் 802.11என் வேகத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது அந்தத் தரத்தின் விதி. எல்லாக் கருவியும் 54 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கும். அதுவும் உங்கள் புது ரவுட்டரில் டபிள்யூஇபி என்ற தெரிவே இருக்காது என்று நினைக்கிறேன், தேடிப் பாருங்கள்.

பி முறையையும் வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1500 பைட் என்றால் 12,000 பிட். 1 எம்பிபிஎஸ் வேகத்தில் அதை அனுப்ப 12 மில்லிநொடி. 54இல் கால் மில்லிநொடிக்கும் குறைவு. அந்த 12 மில்லிநொடியும் வீட்டில் மற்ற எல்லாரும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒற்றையடிப் பாதையில் மாட்டு வண்டிக்குப் பின்னால் கார்கள் வருவது மாதிரி.

கம்பியறுந்தவன் | சனி, காலை 10:38

சரி, பெயரை மறைத்து, குறிப்பிட்ட கருவிகளை மட்டும் உள்ளே விடும் மேக் முகவரி வடிகட்டியும் போட்டுவிட்டால்?

ஓலைச்சுவடி | சனி, காலை 10:44

மேக் முகவரி ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் பூட்டில்லாமல் போகிறது. கேட்பவன் அதையே எடுத்துத் தன் கார்டுக்கு வைத்துக்கொள்வான். மறைத்த பெயரும் உங்கள் கருவி இணையும் நொடியில் வெளியே வந்துவிடும். வாசல் எண்ணை அழித்துவிட்டுக் கதவைத் திறந்து போடுவது மாதிரிதான்.

கம்பியறுந்தவன் | சனி, காலை 10:46

உங்களிடம் வாய் கொடுக்கக் கூடாது என்று தெரிந்தும் கொடுக்கிறேன் பாருங்கள்.

தட்டான் | சனி, காலை 11:55

கார்டையே டபிள்யூபிஏ பேச வைக்க முடியுமா என்று பார்க்கலாம். என்னிடம் ஷார்ப் ஸாரஸ் எஸ்எல்-5500 இருக்கிறது, லினக்ஸ் ஓடுவது. பிரிஸம் சிப் உள்ள சிஎஃப் கார்டு போட்டிருக்கிறேன். பிரிஸம் 2.5, 3 சிப்புகளில் ஃபர்ம்வேரை, அதாவது கார்டுக்குள்ளேயே இருக்கும் நிரலை, புதுப்பித்தால் ஹோஸ்ட்ஏபி டிரைவரோடு டபிள்யூபிஏ டிகேஐபி வேலை செய்யும். ஓரினோகோ வகைக் கார்டுகளிலும் ஃபர்ம்வேர் புதிதாக இருந்தால் லினக்ஸில் டபிள்யூபிஏ உண்டு. கவனியுங்கள், டிகேஐபிதான். டபிள்யூபிஏ2வின் ஏஇஎஸ் மறையாக்கம் என்றால் வேறு கதை.

விண்டோஸ் பக்கம் நிலைமை இறுக்கம். டபிள்யூபிஏ ஆதரவு 2003இன் இரண்டாம் பதிப்பில்தான் வந்தது. சுண்டெலியிடம் முதல் பதிப்பு இருக்கிறது போல. அப்போது 'ஒடிஸி' மாதிரி தனி மென்பொருள்கள் விற்றார்கள், அவையும் கார்டின் டிரைவர் ஒத்துழைத்தால்தான்.

ஃபர்ம்வேர் ஏற்றுவதென்றால் ஒரு எச்சரிக்கை. அட்டையில் உள்ள மாடல் எண்ணை நம்பி ஏற்றாதீர்கள். ஒரே பெயரில் முதல் பதிப்பில் ஒரு சிப், நான்காம் பதிப்பில் இன்னொரு சிப் என்று விற்ற காலம் அது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பு எண்ணைப் பாருங்கள், முடிந்தால் லினக்ஸில் செருகி அது தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறது என்று பாருங்கள். நான் இப்படி ஒரு கார்டைக் கொன்றிருக்கிறேன். தப்பு முழுக்க என்னுடையது, இருந்தாலும் இன்னும் வலிக்கிறது.

சுண்டெலி | சனி, மதியம் 12:40

கொல்லும் அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை அண்ணா. இந்தக் கார்டு போனால் இன்னொன்று கிடைக்காது.

ரவுட்டரில் பார்த்தேன், டபிள்யூஇபி தெரிவே இல்லை. ஓலைச்சுவடி ஐயா சொன்னது சரி. இனி என்ன செய்யலாம்? எனக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. படுக்கையில் படுத்துக்கொண்டு இந்த இழையை அந்தச் சின்னத் திரையில் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மின்மினி | சனி, மாலை 4:15

அப்படியானால் வீட்டு நெட்வொர்க்கைத் தொடவே வேண்டாம். பழைய கருவிக்குப் பழைய நெட்வொர்க் ஒன்றைத் தனியாகக் கட்டிக் கொடுத்துவிடுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

யார் வீட்டிலாவது பரணில் 802.11ஜி காலத்து ரவுட்டர் ஒன்று கிடக்கும். அதை வாங்கிக்கொள்ளுங்கள். அதை வீட்டு ரவுட்டரோடு இணைக்காதீர்கள், இது முக்கியம். நடுவில் ராஸ்பெர்ரி பை மாதிரி ஒரு சின்னக் கணினி. பையின் ஈதர்நெட் வாய் பழைய ரவுட்டருக்கு, பையின் சொந்த வைஃபை வீட்டு நெட்வொர்க்குக்கு, அது வழக்கம்போல டபிள்யூபிஏ2 அல்லது 3இல். பையில் ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் பொட்டலம் கடத்தும் வசதியை அணைத்தே வையுங்கள். பழைய பக்கத்திலிருந்து பார்த்தால் உலகத்தில் இருப்பது பை ஒன்றுதான், அதிலும் ஒரே ஒரு போர்ட்டுதான் திறந்திருக்கும். இணையத்திலிருந்து எடுக்க வேண்டியதைப் பை எடுத்துக் கொடுக்கும். யாராவது டபிள்யூஇபியை உடைத்து உள்ளே வந்தாலும் அந்த ஒரு வாசலைத்தான் தட்ட முடியும். வேலை இல்லாதபோது பழைய ரவுட்டரின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

பையிலேயே டபிள்யூஇபி ஒளிபரப்பலாமே என்று கேட்பீர்கள். அதற்கான மென்பொருளான ஹோஸ்ட்ஏபிடியின் 2.10இலிருந்து டபிள்யூஇபியைச் சாதாரணக் கட்டமைப்பில் நீக்கிவிட்டார்கள். நீங்களே தொகுத்துக்கொள்ளலாம், ஆனால் பரண் ரவுட்டர் அதைவிடச் சுலபம்.

ஓலைச்சுவடி | சனி, மாலை 5:02

இதற்கு நான் இரண்டு கையையும் தூக்குகிறேன். ஏன் நேரடியாக இணைக்கக் கூடாது என்பதை மட்டும் விரித்துவிடுகிறேன், பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பழைய ரவுட்டரின் 'வான்' (இணையம் உள்ளே வரும்) வாயை வீட்டு ரவுட்டரில் செருகினால் 'உள்ளே இன்னொரு ரவுட்டர், பாதுகாப்பாகத்தான் இருக்கும்' என்று தோன்றும். உண்மை தலைகீழ். உள்ளே இருப்பவனிடமிருந்து வெளியே இருப்பதை ரவுட்டர் காப்பாற்றாது. பழைய வைஃபையில் நுழைந்தவனுக்கு உங்கள் வீட்டு நெட்வொர்க் முழுவதும் 'வெளியே' தானே? தாராளமாகப் போய்வருவான்.

சுண்டெலி | ஞாயிறு, காலை 11:20

பரண் ரவுட்டர் கிடைத்தது, தூசி தட்டி ஏற்றிவிட்டேன். பை ஏற்கெனவே இருந்தது. எல்லாம் சொன்னபடி செய்தேன். கையடக்கக் கணினி 'இணைந்தது' என்கிறது. ஆனால் முகவரி 169.254 என்று ஏதோ ஒன்று காட்டுகிறது. பை கண்ணுக்கே தெரியவில்லை. ஒரு மணி நேரமாக மல்லுக்கட்டுகிறேன்.

மின்மினி | ஞாயிறு, காலை 11:48

169.254 என்றால் யாரும் முகவரி கொடுக்கவில்லை, கருவி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். முதலில் பழைய ரவுட்டரில் டிஹெச்சிபி, அதாவது முகவரி வழங்கும் வசதி, இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அடுத்த சந்தேகம் சாவி.

டபிள்யூஇபியில் ஒரு விசித்திரம் உண்டு. 'ஓப்பன்' முறையில் சாவி தப்பாக இருந்தாலும் இணைப்பு நடந்துவிடும்! ரவுட்டர் சாவியைச் சரிபார்ப்பதே இல்லை. அதற்குப் பிறகு போகும் பொட்டலங்களை இருவரும் ஒருவருக்கொருவர் புரியாமல் தூக்கி எறிவார்கள், அவ்வளவுதான். 'இணைந்தது' என்ற சொல்லை நம்பி நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.

நீங்கள் ரவுட்டரில் கடவுச்சொல் மாதிரி ஏதாவது தட்டி, அதுவே சாவியை உருவாக்கட்டும் என்று விட்டீர்களா? அந்த உருவாக்கும் முறை எல்லாக் கார்டிலும் ஒன்றாக இருக்காது. நேரடியாகப் பதினாறடிமான எண்ணாகக் கொடுங்கள். 64 பிட் என்றால் 10 இலக்கம், 128 பிட் என்றால் 26 இலக்கம், 0 முதல் 9, ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகள். அப்புறம் சாவி எண் 1 முதல் 4 வரை இருக்கும், இரண்டு பக்கமும் 1 என்றே வையுங்கள். சில கருவிகள் அதையே 0 முதல் 3 வரை எண்ணும்.

சுண்டெலி | ஞாயிறு, மதியம் 12:31

சாவிதான்! கடவுச்சொல் பெட்டியில் தட்டியிருந்தேன். 26 இலக்கத்தையும் எழுத்தாணியால் ஒவ்வொன்றாகக் குத்தினேன், இரண்டு முறை தப்பு, மூன்றாம் முறை முகவரி வந்துவிட்டது.

அடுத்த சிக்கல். பையில் ஒரு வெற்றுப் பக்கம் வைத்தேன். பையின் பெயரைப் போட்டால் திறக்கவில்லை, ஐபி எண்ணைப் போட்டால் திறக்கிறது. ஏன்?

தட்டான் | ஞாயிறு, மதியம் 12:50

அந்தக் கால உலாவியின் குணம் அது. முகவரியில் புள்ளி இல்லை என்றால் 'அலுவலகம்' என்று எடுத்துக்கொள்ளும், புள்ளி இருந்தால் 'இன்டர்நெட்'. அமைப்பில் நெட்வொர்க் கார்டு எதோடு இணைகிறது என்று ஒரு கேள்வி இருக்கும், நீங்கள் இன்டர்நெட் என்று வைத்திருப்பீர்கள், அதனால் புள்ளி இல்லாத பெயர் திறக்கவில்லை. அப்படியே இருக்கட்டும், ஐபி எண்ணையே பிடித்தவற்றில் சேமித்துக்கொள்ளுங்கள்.

பனிமூட்டம் | ஞாயிறு, மதியம் 2:10

என்னிடம் சிஎஃப் ஸ்லாட் இல்லாத பழைய பாம் கருவி ஒன்று இருக்கிறது, எஸ்டி ஸ்லாட் மட்டும். எஸ்டி வடிவ வைஃபை கார்டு பார்த்தேன். வாங்கலாமா?

தட்டான் | ஞாயிறு, மதியம் 2:25

உங்கள் ஸ்லாட் எஸ்டிஐஓ வகையா (வைஃபை மாதிரி கருவிகளையும் ஏற்பதா) என்று முதலில் உறுதி செய்யுங்கள். நினைவக அட்டையை மட்டும் ஏற்கும் ஸ்லாட்டும் வெளியிலிருந்து பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். பாம் நிறுவனத்தின் வைஃபை கார்டு டங்ஸ்டன் டி3, ஸைர் 72 போன்ற குறிப்பிட்ட மாடல்களுக்கானது. எல்லா மாடலுக்கும் டிரைவர் இல்லை. மேற்கொண்டு தனி இழை தொடங்குங்கள், இங்கே சுண்டெலி பாவம்.

ஓலைச்சுவடி | ஞாயிறு, மாலை 6:40

சுண்டெலி, கொண்டாட்டத்தில் ஒன்றை மறந்துவிடாதீர்கள்: பேட்டரி. இந்தக் கார்டுகள் கேட்கும்போதும் பேசும்போதும் 200 முதல் 300 மில்லிஆம்பியர் வரை இழுக்கக்கூடியவை. திரை விளக்கும் சேர்ந்தால் முழுச் சார்ஜ் சில மணி நேரம்தான். கார்டின் அமைப்பில் மின்சேமிப்பு முறை இருந்தால் போடுங்கள். அப்போது கார்டு பீக்கனுக்குப் பீக்கன் கண் விழித்து, தனக்குத் தபால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி தூங்கும். பக்கம் திறக்கக் கொஞ்சம் தாமதமாகும், படிப்பதற்கு அது பொருட்டில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2005இல் வந்த விண்டோஸ் மொபைல் 5க்கு முந்தைய கருவிகளில் நாம் சேர்த்ததெல்லாம் ரேமில்தான் இருக்கும். பேட்டரி அடியோடு தீர்ந்தால் முகவரிகள், குறிப்புகள், ஏற்றிய மென்பொருள்கள், உங்கள் வைஃபை டிரைவர் உட்பட எல்லாம் போய், கருவி பிறந்த குழந்தையாகிவிடும். ஒரு ராத்திரி கார்டைச் செருகியபடியே, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மின்னஞ்சல் பார்க்கச் சொல்லிவிட்டுத் தூங்கினேன். காலையில் திரையின் நான்கு மூலையையும் தொடச் சொல்லி வரவேற்றது. இரண்டு வருடக் குறிப்புகள். எழுதிய நானே எழுதியதை மறந்துபோன பல வரிகள் அதில் இருந்தன.

டிரைவர் கோப்பையும் ஒரு காப்பு நகலையும் எஸ்டி அட்டையில் போட்டு வையுங்கள். சிஎஃப் ஸ்லாட்டை வைஃபை பிடித்துக்கொண்டதால் எஸ்டி ஸ்லாட்டை அதற்கே ஒதுக்குங்கள். படித்து முடித்ததும் கார்டைக் கழற்றிவிடுங்கள்.

சுண்டெலி | ஞாயிறு, இரவு 8:05

ஐயா, இப்போதே காப்பு எடுத்துவிட்டேன்.

பையில், கேட்ட பக்கத்தை இடையில் நின்று வாங்கித் தரும் சாதாரண பிராக்சி ஒன்று போட்டுப் பார்த்தேன். எந்தத் தளத்துக்குப் போனாலும் பாதுகாப்பான இணைப்பு ஏற்படுத்த முடியவில்லை என்கிறது. பூட்டில்லாத ஒன்றிரண்டு பழைய பக்கங்கள் மட்டும் திறக்கின்றன. தமிழ் எழுத்துரு ஒன்றையும் நகலெடுத்துப் போட்டேன். எழுத்து வருகிறது, ஆனால் 'கொக்கு' என்பதில் கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன.

மின்மினி | ஞாயிறு, இரவு 8:50

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்.

முதல் நோய்: இன்றைய தளங்கள் பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் முறையில் 1.2க்குக் கீழே பேசுவதில்லை. 1.0, 1.1 இரண்டும் 2021 மார்ச்சில் அதிகாரபூர்வமாகவே ஓய்வு பெற்றுவிட்டன. உங்கள் உலாவி அதற்கும் முந்தைய தலைமுறை. சாதாரண பிராக்சி பூட்டைத் தொடாமல் அப்படியே கடத்திவிடும், அதனால் பயன் இல்லை.

இரண்டாம் நோய்: எழுத்துரு மட்டும் போதாது. யூனிகோடில் 'கொ' என்பது ககரமும் ஒகரக் குறியும். அதைப் பிரித்துக் கொம்பை முன்னால் கொண்டுவந்து வைக்க ஒரு வடிவமைப்பு நிரல் வேண்டும், அது அந்தக் கருவியில் இல்லை. டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தின் காலத்தில் இந்தப் பிரச்சினை கிடையாது. அதில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகள் சேமிக்கப்பட்டன, எழுத்துரு இருந்தால் போதும். அந்த வகையில் பழைய குறியாக்கம் பழைய கருவிக்குக் கச்சிதமாக இருந்தது.

மருந்து: 'வெப் ரெண்டரிங் பிராக்சி' என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அது பின்னணியில் நிஜமான, புது உலாவியை ஓட்டி, பக்கத்தை அப்படியே படமாக்கி, ஜிஃப் கோப்பாக உங்கள் கருவிக்குக் கொடுக்கும். படத்தில் எங்கே தொட்டீர்கள் என்பதை வாங்கி, அங்கே இருந்த சுட்டியைத் திறக்கும். டிஎல்எஸ், தமிழ் இரண்டும் பையின் தலைவலி. உங்கள் கருவிக்கு வருவது வெறும் படம். அகலத்தை 240க்குள் வையுங்கள், நிறங்களைக் குறையுங்கள், வேகம் கூடும். கடவுச்சொல் போட்டு நுழையும் எந்தத் தளத்துக்கும் இந்த வழியில் போகாதீர்கள், கருவிக்கும் பைக்கும் நடுவில் இருப்பது டபிள்யூஇபிதான்.

கம்பியறுந்தவன் | ஞாயிறு, இரவு 9:15

ஆக, ஒரு கையடக்கக் கணினியில் படிக்க ஒரு பழைய ரவுட்டர், ஒரு பை, பைக்குள் ஒரு முழு உலாவி. கைபேசி பக்கத்திலேயே இருக்கிறது என்று யாராவது தம்பிக்குச் சொல்லுங்களேன்.

தட்டான் | ஞாயிறு, இரவு 9:18

சொல்லாதீர்கள்.

சுண்டெலி | திங்கள், இரவு 11:02

இதை எழுதுவது கைபேசியில். ஆனால் மேலே உள்ள பதிவுகளை முதலிலிருந்து கடைசிவரை அந்தச் சின்னத் திரையில் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு பக்கமும் வர ஏழெட்டு நொடி ஆகிறது. 'கொக்கு' சரியாக நிற்கிறது. கம்பியறுந்தவன் எழுதியதைப் படிக்கும்போது சத்தமாகச் சிரித்துவிட்டேன், அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வீட்டு ரவுட்டரை மறுபடி 'ஜி/என்/ஏஎக்ஸ்' முறைக்கே திருப்பிவிட்டேன். பேட்டரி 34 சதவீதம் காட்டுகிறது. கார்டைக் கழற்றிச் சார்ஜில் போட்டாயிற்று.